ஓசூரின் மக்கள்தொகையை எந்த அலமாரியில் தேடுவது?

ஒரு சின்னக் கேள்வி. 1961-இலிருந்து 2011 வரை ஓசூர் தாலுகாவின் மக்கள்தொகை எப்படி மாறியது? சிப்காட் வருவதற்கு முன்னால் எவ்வளவு, வந்த பின்னால் எவ்வளவு? இளங்கலை பொருளாதாரம் படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் கொடுக்கக்கூடிய சாதாரண அசைன்மென்ட்தான். கூகுளில் தட்டினால் 2011-இன் எண் வரும். அதையே பத்து தளங்கள் காப்பியடித்து வைத்திருக்கும். அதற்கு முன்னால் போகணும்னா சிக்கல் ஆரம்பிக்கும்.

1961 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்போது ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. ஆகவே 1971 முதல் 2001 வரைக்கும் தருமபுரி தொகுதிகளைப் புரட்டணும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. அந்தப் பெயரில் வந்த முதல் கணக்கெடுப்பே 2011-தான். போதாக்குறைக்கு தாலுகா எல்லையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பழைய ஓசூர் தாலுகாவிலிருந்து தேன்கனிக்கோட்டை பிரிந்தது. எல்லையைப் பார்க்காமல் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துக் கழித்தால், ஊர் வளர்ந்ததா தாலுகா சுருங்கியதா என்றே சொல்ல முடியாது. பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு கணக்கெடுப்புத் துறையின் தளத்திலேயே இலவசமாகக் கிடக்கின்றன. எதை, எந்தப் பெயரில் தேடணும்னு தெரிந்த ஆள்தான் வேண்டும். கல்லூரியில் அந்த ஆள் யார்?

நூலகர். அல்லது, நூலகராக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரி நூலகங்கள் மேல் எனக்குள்ள புகார் இதுதான்: புத்தகம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பார்கோடு இருக்கிறது, கேள்வியோடு வருபவருக்கு உட்கார்ந்து பதில் தேடித் தரும் வேலை மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. நாக் தர மதிப்பீட்டில் நான்காவது அளவுகோலுக்குள் 4.2 என்று நூலகத்துக்கே ஒரு பகுதி உண்டு. நூலகம் கணினிமயமா, மின்னிதழ்களுக்குச் சந்தா கட்டுகிறார்களா, புத்தகத்துக்கு வருடம் எவ்வளவு செலவு, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள். இவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஐந்து வருடமாகப் புத்தகமே வாங்காத கல்லூரி இதில் மாட்டும். ஆனால் மென்பொருள்காரனுக்கு இது பழகிய வியாதி. சர்வருக்கு எத்தனை கோரிக்கை வந்தது என்று டாஷ்போர்டில் பச்சையாகக் காட்டுவோம், பயனருக்குப் பதில் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டுவிட்டு செய்தித்தாள் படித்துப் போகிறவரும், ஆய்வுக்கு அலைகிறவரும் அங்கே ஒரே எண்தான்.

இத்தனைக்கும் இந்தத் துறைக்கு அடிப்படை போட்டவர் நம்ம ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை எல்லா நூலகச் சுவரிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான்காவது விதி வாசகரின் நேரத்தைப் பற்றியது, அது வீணாகக் கூடாது என்பது. வாசகரையும் புத்தகத்தையும் ஆள் வைத்துச் சேர்த்துவிடும் சேவையை நூலகத்தின் மையமாக நினைத்தவர் அவர். கடைசிக் காலத்தை பெங்களூரில் கழித்து, 1962-இல் அங்கே ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். விதி சுவருக்கு வந்துவிட்டது, மேசைக்கு வரவில்லை.

கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. பல கல்லூரிகளில் ஓடுவது கோஹா. நியூசிலாந்தில் 2000-ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள். அதில் 'கோர்ஸ் ரிசர்வ்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆசிரியர் தன் பாடத்துக்குத் தேவையான புத்தகங்களைப் பட்டியலாகப் போட்டால், மாணவர் பாடத்தின் பெயரை வைத்தே தேடி எடுக்கலாம். நிறுவும்போது அது அணைந்த நிலையில் வருகிறது; அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு தேர்வை மாற்றணும். உங்கள் கல்லூரி கோஹாவில் அது எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், பட்டியல் கொடுத்த ஆசிரியர் எத்தனை பேர் என்றும் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு நூலகரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான். ஆனால் இப்போதைக்கு அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவருக்குத் தகுதி உண்டு, ஓசூரில் சுயநிதிக் கல்லூரியில் படிப்பவருக்கு இல்லை. ஒரே மாவட்டம், ஒரே அண்ணா பல்கலைக்கழகம். தனியார் கல்லூரியில் கட்டணம் கட்டுகிறவர்கள் எல்லாம் வசதியானவர்கள் என்று நினைப்பவர்கள், ஷிப்ட் முடிந்து வரும் அப்பாக்களை சிப்காட் வாசலில் நின்று ஒருமுறை பார்க்கலாம்.

அதற்காக இதழ் கிடைக்காததுதான் முழுப் பிரச்சினை என்றும் நான் நம்பவில்லை. ஓசூரில் இறுதியாண்டு மாணவர் மின் ஸ்கூட்டர் பேட்டரி பற்றி புராஜெக்ட் செய்கிறார் என்று வையுங்கள். சுற்றிலும் வண்டித் தொழிற்சாலைகள். அவருக்கு முதலில் வேண்டியது ஏ.ஐ.எஸ். 156 என்ற வாகனத் தரநிலை. 2022-இல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு அதைத் திருத்தி, அந்த டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆவணம் இலவசம். பழைய பதிப்பை எடுத்துவிட்டால் புராஜெக்ட்டே வேறு திசையில் போகும். "தம்பி, திருத்தத்தையும் சேர்த்து எடுத்தியா?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். அப்படி யாரும் இல்லாத இடத்தில்தான் பெங்களூரில் ரெடிமேட் புராஜெக்ட் விற்கும் கடைகள் பிழைக்கின்றன. பையனுக்குச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவனும் அந்தக் கடைக்குத்தான் போகிறான்.

வரலாற்றுப் பக்கம் வந்தால் இன்னும் சுவாரசியம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் மிகப் பழைய இரும்பு அதுதான் என்று எழுதும் மாணவரிடம், 2025 ஜனவரியில் வந்த 'இரும்பின் தொன்மை' அறிக்கையை யாராவது கொடுக்கணும். அதில் சிவகளையின் காலம் கி.மு. 3345 வரை போகிறது. ஓசூரின் சோழர் காலத்தைத் தேடுபவர் எல்லையைத் தாண்டாமல் முடியாது. பக்கத்துப் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கென்றே ரைஸ் 1905-இல் 'எபிகிராபியா கர்னாடிகா'வின் ஒன்பதாம் தொகுதியை வெளியிட்டார். அதற்குள் ஏராளமான தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசும் ஊரில் நூலகம் வைத்துக்கொண்டு, அலமாரியை மட்டும் மாநில எல்லையோடு நிறுத்துவது என்ன நியாயம்?

நூலகர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு, நியாயமான பதில். பல இடங்களில் ஒரே ஆள். புத்தகம் கொடுத்து வாங்கணும், அடையாள அட்டை அடிக்கணும், தேர்வு அறைக்குக் கண்காணிப்புக்குப் போகணும், நாக் குழு வரும்போது கோப்பு தயாரிக்கணும். இதற்கு நடுவில் ரங்கநாதனாகவும் இரு என்றால் எப்படி? அதனால் நான் கேட்பது சின்னது. ஒரு பருவத்துக்கு ஒரு துறை. அந்தத் துறை ஆசிரியர் ஒருவரும் நூலகரும் ஒரு மதியம் உட்கார்ந்து, மாணவர் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் ஒரே ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும்: எந்த ஆவணம், எந்தப் பழைய பெயரில், எங்கே இலவசம், எதை நம்பக் கூடாது. பொருளாதாரத் துறை முதலில் வந்தால் மேலே சொன்ன சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி கதையே ஒரு பக்கத்துக்குத் தேறும். அதற்கு சந்தாவும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். அந்த மதியத்துக்கு மட்டும் நூலகரைத் தேர்வு அறைக்கு அனுப்பாமல் இருக்கணும்.