மூன்று வேகமும் ஒரு சுருதியும்

பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ரெக்கார்டு அடுக்கைப் பிரித்தால் மூன்று தலைமுறை வெளியே வரும். அடியில் தாத்தா வாங்கிய அரக்குத் தட்டுகள், நிமிடத்துக்கு 78 சுற்று. நடுவில் அப்பாவின் ஏழு அங்குல ஈ.பி.க்கள், 45 சுற்று. விஸ்வநாதன்-ராமமூர்த்தியும், இதே ஜார்ஜ் டவுனில் 1929இல் பிறந்த பி. ரம்லியும் அதில் தோளோடு தோள் நிற்பார்கள். மேலே நாம் சேர்த்த இளையராஜா எல்.பி.க்கள், 33 சுற்று. இன்று கைக்கு எட்டும் விலையில் வரும் டர்ன்டேபிள்களில் பெரும்பாலானவை 33, 45 இரண்டோடு நின்றுவிடுகின்றன. அதை வாங்கினால் தாத்தாவின் தட்டுகள் அலமாரியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அதனால்தான் ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பியை வாங்கினேன். மூன்று வேகமும் உண்டு. விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். லெபோ குவீன் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நான்கு மாதமாக இதைத் தினமும் ஓட்டிவருகிறேன்.

முதல் சோதனை என் வீட்டுத் தரைதான். எங்கள் மாடி முழுக்கப் பலகை. யாராவது அடுக்களைக்கு நடந்தால் தட்டில் ஊசி துள்ளும். எட்டுக் கிலோ எடையுள்ள இந்தப் பெட்டியை மேசையில் வைத்தபோதும் துள்ளியது. சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து, கனத்த பலகை போட்டு, அதன்மேல் வைத்த பிறகுதான் நின்றது. கடைவீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் டர்ன்டேபிள் வாங்கும் நாளிலேயே ஆசாரிக்கும் சொல்லிவிடுங்கள்.

பூட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும். சுழல்தட்டை வைத்து, ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்னால் எடையைத் திருகி, கை அந்தரத்தில் சமமாக மிதக்கும்படி நிறுத்தி, பிறகு ஊசி அழுத்தத்தை 2 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும். பட்டை கிடையாது, மோட்டார் நேராகச் சுழல்தட்டைச் சுற்றுகிறது. ஃபோனோ ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்னாலிருக்கும் சின்ன சுவிட்சைத் தள்ளினால் எந்த ஸ்பீக்கர் செட்டிலும் சொருகலாம்.

கூட வரும் பச்சை நிற ஊசி எல்.பி.க்கும் ஈ.பி.க்கும் மட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். அரக்குத் தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். மெல்லிய ஊசி அதன் அடியில் இறங்கி, அங்கே படிந்த அழுக்கைத்தான் படிக்கும். இதற்கு முன் சூட்கேஸ் மாதிரி மடிக்கும் ஒரு பிளேயர் வைத்திருந்தேன். அதிலும் மூன்று வேகம் உண்டு, ஆனால் எல்லாத் தட்டுக்கும் ஒரே ஊசி. தாத்தாவின் பாட்டு அதில் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி பொரிந்தது. அப்பாவின் 'புதிய பறவை' ஈ.பி. அதன் கனத்த கைக்கு அடியில் நாளுக்கு நாள் தேய்ந்தது. அந்தத் தட்டை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

இதே கார்ட்ரிட்ஜில் பொருந்தும்படி 78க்கென்றே விஎம்என்95எஸ்பி என்ற ஊசியைத் தனியாக விற்கிறார்கள். பழையதைக் கையால் உருவிவிட்டு இதைச் செருகலாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். இதற்கு அழுத்தம் 5 கிராம். எண்ணை மட்டும் பார்த்துத் திருகாமல், உள்ளங்கையில் அடங்கும் ஊசித் தராசு ஒன்று வாங்கி நிறுத்துப் பாருங்கள். பிறகு 33, 45 பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் வேகம் 78க்கு ஏறும்.

தட்டைக் கழுவாமல் ஊசி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பூக்காத காகித உறை கிடையாது. காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய தூரிகை, இவை போதும். நடு லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட் கலந்த எதையும் அரக்குத் தட்டின் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.

லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பத்து வெள்ளிக்கு ஒரு கே.பி. சுந்தராம்பாள் தட்டு கிடைத்தது. "தம்பி, சத்தம் வருமான்னு தெரியாது. ஆனா உடையல" என்றார் விற்றவர். கழுவிக் காயவைத்து, எஸ்பி ஊசியில் போட்டேன். பழைய பிளேயரில் கேட்ட இரைச்சலில் பாதிதான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தியதும் இன்னும் அடங்கியது. குரல் மட்டும் கொஞ்சம் போர்வைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. காரணம் உண்டு. உள்ளே இருக்கும் ஃபோனோ ஆம்ப், 1954இல் பொதுவான ஆர்ஐஏஏ அளவுக்கு ஏற்றது. அதற்கு முந்தைய பதிவுகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவு. டிரெபிளைச் சற்றே ஏற்றி, பேஸைச் சற்றே இறக்கியதும் போர்வை விலகியது.

ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது. அம்மாவின் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். தட்டில் ஒலிக்கும் ஆர்மோனியம் நாலரைக் கட்டைக்கும் ஐந்துக்கும் இடையில் தொங்கிக்கொண்டிருந்தது. டர்ன்டேபிளின் விளிம்புப் புள்ளிகள் சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றன, அதாவது என் வேகம் சரி. பாடிய அன்று பதிவு இயந்திரம் 78இல்தான் ஓடியதா என்று அந்தப் புள்ளிகள் சொல்லாது. அக்காலத்துத் தட்டுகள் பல சற்று முன்னே பின்னே பதிவானவை.

வலது பக்கத்தில் ஒரு நீளமான தள்ளுகோல் இருக்கிறது. டி.ஜே.க்களுக்காக வைத்தது. வேகத்தை 8 சதவீதம் வரை, இன்னொரு பொத்தானை அழுத்தினால் 16 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம். அரைக் கட்டை ஏற ஏறக்குறைய 6 சதவீதம் வேண்டும். அப்படியானால் எட்டுக்குள் என் வேலை முடியும். மயிரிழை மயிரிழையாகத் தள்ளினேன். 2க்குச் சற்றுக் கீழே வந்தபோது ஆர்மோனியம் ஐந்து கட்டையில் போய் உட்கார்ந்தது. சுருதிப்பெட்டியும் தட்டும் ஒரே நாதமாயின. குரல் நிமிர்ந்தது. மூச்சு எடுக்கும் இடங்கள் மனுஷி மூச்சாகக் கேட்டன. ஐந்து கட்டையில் மேடையைக் கட்டி ஆண்டவர் என்று அவரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும்போது தலையாட்டியிருக்கிறேன். அன்றுதான் காதால் அறிந்தேன். தட்டு மூன்று நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்தது. அதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா வந்து வாசலில் நின்றிருந்தார். "திருப்பிப் போடு" என்றார்.

எல்.பி.க்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாக ஒலிக்கின்றன. 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தட்டில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் மற்ற தந்திகளிலிருந்து பிரிந்து தனியே நிற்கிறது. லேபிளை நெருங்கும் கடைசிப் பாட்டில் ஸகர ஒலி சற்றுக் கூசும். உட்சுற்றில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் குறைவதால் எல்.பி.க்கே உரிய சங்கடம் அது.

கை தானாகத் தூக்கிக்கொள்ளாது. தட்டு முடிந்ததும் எழுந்து போய் எடுக்க வேண்டும். பாட்டுப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது ஆகாது, அவர்கள் முழுத் தானியங்கி ஒன்றைப் பார்க்கட்டும். வீட்டில் எல்.பி. மட்டுமே இருந்தாலும் இவ்வளவு செலவு வேண்டாம். 78 இருந்தால், ஊசிக்கான காசையும் சேர்த்து எடுத்துவைத்து இதையே வாங்குங்கள். யூஎஸ்பி வழியாகக் கணினியில் பதிந்தும் வைக்கலாம். உடைந்தால் ஒட்டாத தட்டுகளுக்கு அது பெரிய தைரியம். சுருதியைச் சரிசெய்த பிறகு பதியுங்கள்.

ஆடியோ-டெக்னிகாவை 1962இல் தொடங்கிய ஹிதேயோ மட்சுஷிதா, அதற்கு முன் தோக்கியோவின் ஓர் ஓவியக்கூடத்தில் ஊராரைக் கூட்டி வைத்து ரெக்கார்டு கேட்கவைத்தவர். இதைப் படித்ததிலிருந்து ஞாயிறு மாலைகளில் மாடிக் கதவைத் திறந்து வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் வருகிறார்கள். அவர்களுக்குத் தள்ளுகோலை நகர்த்தும்போதுதான் ஆர்வம். "இன்னும் கொஞ்சம்… போதும், போதும்" என்று அவர்களே கை காட்டுவார்கள்.

சுந்தராம்பாள் தட்டின் உறையில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: '2க்கு மயிரிழை கீழே, ஐந்து கட்டை.' இப்படி ஏழு உறைகள் ஆகிவிட்டன. தாத்தாவின் பெட்டியில் இன்னும் முப்பத்தாறு இருக்கின்றன.