சந்திரன்வரை பறந்த உள்ளான்

பிலிப் ஹூஸ் எழுதி 2012-இல் வெளிவந்த ‘மூன்பேர்ட்’ இளைஞர்களுக்கான அறிவியல் நூல். ‘ரெட் நாட்’ எனப்படும் உள்ளான் வகைப் பறவை ஒன்றுதான் இதன் கதாநாயகன். அதன் பெயர் பி95. 1995-இல் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டேயில் அதன் காலில் வளையமிட்டார்கள். 2001-இல் மீண்டும் அகப்பட்டபோது, தொலைநோக்கியிலேயே படிக்கக்கூடிய ‘பி95’ என்ற சிறு கொடியைப் பூட்டினார்கள்.

இந்த இனம் ஆண்டுதோறும் தென் அமெரிக்காவின் கடைக்கோடியிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குச் சென்று திரும்புகிறது. வழியில் மே மாதம், அமெரிக்காவின் டெலவேர் ஆற்றுக் கழிமுகத்தில் இறங்குகிறது. குதிரைலாட நண்டுகள் கரையேறி மணலில் முட்டையிடும் காலம் அது. ஏறத்தாழ 120 கிராம் எடையோடு வரும் பறவை, அம்முட்டைகளைத் தின்று இரண்டே வாரத்தில் 180 கிராமைத் தாண்டுகிறது. அந்தக் கொழுப்புத்தான் ஆர்க்டிக் பயணத்துக்குக் கட்டுச்சோறு. நூலின் சிறந்த பகுதி இந்தக் கழிமுகக் காட்சியே. விலாங்கும் சங்கும் பிடிக்கும் இரைக்காக 1990-களில் நண்டுகளை லட்சக்கணக்கில் அள்ளியதால் பறவையின் பந்தியில் இலை காலியான கதையை ஆசிரியர் தெளிவாக விளக்குகிறார்.

ஆனால் இரண்டு இடங்களில் வாசகர் நிதானிக்க வேண்டும்.

முதலாவது, தலைப்பு. பி95 சந்திரனுக்குப் போய், திரும்பும் வழியில் பாதியை நெருங்கும் தூரம் பறந்துவிட்டது என்கிறார்கள். ஆண்டுப் பயணம் ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர். பதினெட்டு ஆண்டுக்கு 5,22,000. சந்திரனின் தூரமோ 3,84,000. கணக்கு பொருந்துகிறது. எனினும் இது அளந்த தூரமன்று. பெருக்கிப் பெற்ற மதிப்பீடு. காலில் இருந்தது கொடிதானே தவிர மைல்மானி அன்று. ஒரு கரையில் கண்டதற்கும் அடுத்த கரையில் கண்டதற்கும் இடைப்பட்ட பயணம் ஊகமே. நல்ல ஊகம்தான், ஆயினும் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தறிவதே அறிவியலின் முதற்பாடம்.

இரண்டாவது இதனினும் முக்கியம். 2014 மே மாதம் பி95 மீண்டும் டெலவேர் கழிமுகத்தில் தென்பட்டது. அப்போது அதற்கு வயது குறைந்தது இருபத்தொன்று. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் 1980-களில் அந்தக் கழிமுகத்தில் 90,000-க்கும் மேல் எண்ணப்பட்ட இவ்வினம், 2021-இல் 7,000-க்கும் கீழே போயிற்று. பின்னர் ஏறியும் பழைய நிலையை எட்டவில்லை. ஒரு பறவை தென்பட்டால் அது உயிரோடிருக்கிறது என்று மட்டுமே தெரியும். எத்தனை மாண்டன என்று தெரியாது. அதை அறிய, அதே கரையில், அதே பருவத்தில், ஆண்டுதோறும் எண்ண வேண்டும். கூட்டம் சுருங்கியதை ஹூஸ் மறைக்கவில்லை. ஆயினும் நூலை மூடியதும் மனத்தில் நிற்பது வெற்றிவீரனின் முகமே. தப்பிப் பிழைத்த ஒருவனைப் பார்த்துப் போரை எடைபோடக் கூடாது.

நண்டு பருவமடைய ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். நியூ ஜெர்சி மாநிலம் 2008-இல் நண்டு பிடிப்பதைத் தடைசெய்தும் பறவைகள் உடனே பெருகாததற்கு இது முக்கியக் காரணம். அழிப்பதற்குச் சில ஆண்டு போதும். ஆக்குவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

இக்குறைகளால் நூலின் மதிப்பு குன்றாது. மாணவர்கள் இதைக் கையில் பென்சிலோடு படிப்பது நல்லது. பி95-இன் சாகசத்தை ரசிக்கும்போதே, பக்கத்து ஓரத்தில் அந்த 90,000-ஐயும் 7,000-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.