நாற்றுப்பெட்டியும் வயலும்: நெல்லின் பூச்சி எதிர்ப்புச் சோதனை குறித்து

சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கலின் நெல்வயல்கள் குடியிருப்புகளாக மாறிவிட்டபோதும், பூந்தமல்லிக்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டத் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடர்ந்து இயங்குகிறது. அந்நிலையம் அளித்த டி.கே.எம். 6 என்னும் இரகத்தின் வரலாறு, பூச்சி எதிர்ப்புச் சோதனையின் வலிமையையும் குறையையும் ஒருங்கே உணர்த்துகிறது.

ஜி.இ.பி. 24, கோ 18 ஆகியவற்றின் ஒட்டில் பிறந்த இந்நெல், தண்டைக் குடைந்து நடுக்குருத்தைக் காயச் செய்து கதிரையும் வெண்கதிராக்கும் தண்டுத்துளைப்பானை எதிர்த்து நின்றமையால், பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1969இல் வெளியிட்ட ஐ.ஆர். 20க்குப் பெற்றோர்களுள் ஒன்றாயிற்று. மருந்துச் செலவின்றி விதைக்குள்ளேயே காப்பு வந்து சேர்ந்ததே எதிர்ப்பு இரகங்களை உருவாக்கும் முறையின் தலையாய சிறப்பாகும்.

அத்தகைய எதிர்ப்பைக் கண்டறியும் முறைக்கு எடுத்துக்காட்டாக, புகையான் எனப்படும் சாறுண்ணும் தத்துப்பூச்சிக்கான சோதனையில், ஆய்வுக்குரிய நாற்றுகளுடன், எளிதில் மடியும் தைச்சுங் நேட்டிவ் 1, நன்கு எதிர்க்கும் பட்டாம்பி நெல்லான பி.டி.பி. 33 ஆகியவையும் நாற்றுப்பெட்டி எனப்படும் தட்டுகளில் வளர்க்கப்பட்டு, இளம்பூச்சிகள் விடப்படுகின்றன. தைச்சுங் நாற்றுகள் ஏறக்குறைய முழுதும் மடிந்ததும், சேதத்துக்கேற்ப 0 முதல் 9 வரை மதிப்பெண் தரப்படுகிறது. எண்ணற்ற இரகங்களைக் குறுகிய காலத்தில், சிறிய இடத்தில் வடிகட்ட இதைவிட எளிய வழி அரிது.

ஆயினும் நாற்று மடிவதைக் கொண்டு மரபணுவின் இருப்பை முடிவுசெய்ய இயலாது. டி.கே.எம். 6 புகையானுக்கு இரையாவதுதான். ஆனால் அதனை ஒட்டிப் பெறப்பட்டு 1973இல் வெளியான ஐ.ஆர். 26 புகையானை எதிர்த்தது. டி.கே.எம். 6இல் எதிர்ப்பு மரபணுவை மற்றொரு மரபணு அடக்கி வைத்திருந்ததே இதற்குக் காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது. அந்த வெற்றியும் நிலைக்கவில்லை: ஒரே மரபணுவை நம்பிய அந்நெல்லை, சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பூச்சிகள் வென்றன. நம் அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7, பிலிப்பைன்ஸ் பூச்சிகளை எதிர்த்துப் பெயர்பெற்றும், தெற்காசியப் பூச்சிகளிடம் தோற்பது இன்னும் கசப்பான உண்மை. மேலும், வளர்ந்த பயிர் பூச்சியைத் தாங்கிக்கொண்டு விளைச்சல் தரும் ஆற்றலை, அதாவது தாங்குதிறனை, இளநாற்றுத் தட்டு பெரும்பாலும் காட்டுவதில்லை.

ஆகவே நாற்றுப்பெட்டியின் மதிப்பெண் முதற்சல்லடையே அன்றிச் சான்றிதழ் அன்று. அந்தந்த வட்டாரப் பூச்சிகளைக் கொண்டு, வளர்ந்த பயிரில், பல பருவங்கள் சோதித்த பின்னரே எந்த இரகத்தையும் எதிர்ப்புத்திறன் உடையது என உழவரிடம் தர வேண்டும்.