கேள்வியைப் பொறுத்தே கணக்கு!

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் இக்காட்சியைக் காணலாம். பெரியவர் ஒருவர் புத்தகத்தை எடுக்கிறார். கையை நீட்டிப் பார்க்கிறார், மடக்கிப் பார்க்கிறார். எழுத்து தெளியவில்லை. விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அவருக்குத் தேவை ஒரு மூக்குக் கண்ணாடி. ஆனால், "உடற்குறை ஏதும் உண்டா?" என்று வீடு தேடி வந்து கேட்டால், "இல்லை" என்றுதான் சொல்வார்!

நமது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வாறே கேட்டது. 2001இல் பார்வைக் குறையுடையோர் 1.06 கோடி, 2011இல் ஏறத்தாழ 50 லட்சம். பத்தாண்டுகளில் பாதிப்பேருக்குப் பார்வை திரும்பிவிட்டதா? இல்லை, குறைக்குத் தந்த விளக்கம் மாறியது, கணக்கும் மாறியது.

இக்குறையைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் வேறு வழி கண்டது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது போன்றவற்றில் சிரமம் உண்டா என்று கேட்டு, கருவிகளின் படங்களையும் காட்டி, எது இருக்கிறது, எது தேவை என்று விசாரிக்கும் முறை அது. 2021இல் இந்தியா உட்பட 35 நாடுகளில் இவ்வாய்வு நடந்தது. யூனிசெப்புடன் சேர்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவை என்றும், அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை என்றும் கூறுகிறது. சில ஏழை நாடுகளில் தேவைப்படுவோரில் 3 சதவீதத்தினருக்கே கருவி கிடைக்கிறது. சில செல்வ நாடுகளில் 90 சதவீதத்தினருக்கு!

முறை நல்லதே. ஆயினும் ஓர் ஓட்டை உண்டு. தேவை எது என்பதைச் சொல்பவர் மக்களே. ஓர் ஊரில் 100 பேருக்குக் காதொலிக் கருவி வேண்டும் என்று கொள்வோம். 10 பேரிடம் இருக்கிறது. மீதி 90 பேரில் 10 பேரே "வேண்டும்" என்கிறார்கள்; மற்றவர்கள் "வயதானால் காது மந்தமாவது இயல்புதானே" என்கிறார்கள். உண்மையில் 10 சதவீதத்தினருக்கே கருவி கிட்டியுள்ளது. ஆனால் ஆய்வோ 20இல் 10, அதாவது 50 சதவீதம் என்று காட்டும்! விவரம் அறியாத ஊர் வசதி மிக்க ஊராகத் தோன்றிவிடும். அந்தக் கணக்கை வைத்துப் பணம் ஒதுக்கினால், மிகவும் தேவையுள்ள இடத்துக்கே மிகக் குறைவாகப் போய்ச் சேரும்.

வீடு வீடாகச் செல்லும் ஆய்வு, நடைபாதையில் வாழ்வோரையும் விடுதிகளில் இருப்போரையும் தவறவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பரிகாரம் கடினமானதன்று. கேள்வியோடு சோதனையும் சேரவேண்டும். ஆங்கில 'இ' எழுத்து பல திசைகளில் திரும்பி நிற்கும் அட்டை ஒன்று போதும். எழுத்தறியாதவரின் பார்வையையும் அளந்துவிடலாம். எல்லாரையும் சோதிக்க இயலாவிட்டாலும், சிலரைச் சோதித்து, அவர்கள் சொன்னதற்கும் சோதனை காட்டியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு கணக்கைத் திருத்தலாம். பின்னர் மீண்டும் சென்று, கொடுத்த கருவி பயனில் இருக்கிறதா, பெட்டியில் உறங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கேட்டவருக்கு மட்டுமே கொடுப்பது போதாது. கேட்கவும் தெரியாதவரைக் கண்டுபிடிப்பதற்குத்தானே கணக்கெடுப்பு?