ஓடுற மேமைத் தொடலாமா?

வீட்டில் ஆர்கேட் கேபினெட் கட்டியவர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை: ஓடிக்கிட்டிருக்கிற மேமைத் தொடாதே. பாதி நியாயம்தான். இந்த எமுலேட்டரை அப்டேட் செய்ததும் நேற்றுவரை ஓடின கேம், ஃபைல் இல்லைன்னு நின்றுவிடும்.

ஏன் நிற்குது? 1997-ல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம், பழைய ஆர்கேட் போர்டுகளின் ஆவணம். விளையாட முடிவது உபரி லாபம். ஒரு ரோம் சிப்பை யாராவது மறுபடி சரியாகப் படித்தெடுத்தால் அதன் செக்சம் மாறும். விட்டுப்போன சிப் புதிதாகச் சேரும். நம்ம ஜிப் ஃபைலோ பழைய பட்டியலுக்கானது.

ராஸ்பெர்ரி பை கேபினெட்களில் பரவலாக இருக்கும் 'மேம் 2003', 0.78 வெர்ஷனை அடிப்படையாகக் கொண்டது. அதில் டாங்கி காங் (1981) போட்டால், மாரியோ நடக்கிற, குதிக்கிற சத்தமெல்லாம் பதிவு செய்த வேவ் ஃபைல்கள். அந்த ஃபைல்கள் இல்லாட்டி மனுஷன் சத்தமில்லாம நடப்பார். அசல் போர்டில் அவை அனலாக் சர்க்யூட் எழுப்பியவை. இன்றைய மேம் அந்தச் சர்க்யூட்டையே கணக்குப் போட்டுச் சத்தம் தருகிறது. இந்த மாதிரி கணக்குகளுக்குப் பழைய பை திணறும். அதனால் பழைய வெர்ஷனோடு இருப்பதில் எனக்குக் குறையில்லை. அதை 'அச்சு அசல் ஆர்கேட்' என்பதுதான் உறுத்துது.

மேம் மீதும் எனக்கொரு புகார் உண்டு. செக்சம் தப்புன்னு சொல்லும். எந்த வெர்ஷனில், ஏன் மாறியதுன்னு அந்த இடத்தில் சொல்லாது. ஆவணம்னு சொல்லிக்கொள்வது இதைச் சொல்ல வேண்டாமா?

என் கேபினெட்டில் இரண்டும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கு, ரோம்களும் தனித்தனியாக. புதுசில் வெரிஃபைரோம்ஸ் கமாண்ட் ஓட்டி, தேறின கேமை மட்டும் மெனுவில் மாற்றுகிறேன்.