ஒருவழிப் பரிமாற்றம்

கல்லூரி வழிகாட்டுக் கூட்டங்களிலும் யூடியூபிலும் இப்போது ஒரு பேச்சு சூடாக ஓடுகிறது. கையில் காசில்லாவிட்டாலும் உலகம் சுற்றலாமாம். நாளைக்கு ஐந்து மணி நேரம் பண்ணையிலோ விடுதியிலோ வேலை செய்தால் படுக்கையும் சாப்பாடும் கிடைத்துவிடும். மலிவு விமானச் சீட்டு ஒன்று போதும், மிச்சத்தைத் தன்னார்வம் பார்த்துக்கொள்ளும். இதை லேசாகக் குறை சொன்னாலும், ஏழைப் பிள்ளைகள் வெளிநாடு பார்ப்பது உமக்குப் பிடிக்கவில்லையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். பிடிக்கும். பிடிப்பதால்தான் கணக்குக் கேட்கிறேன்.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் பதில் தங்குமிடமும் சாப்பாடும் தரும் வூஃப், ஒர்க்அவே போன்ற ஏற்பாடுகள் ஏமாற்று வேலை அல்ல. தங்குவதற்குப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகாத ஊர்களில் அவை மாதக்கணக்கில் இருக்க வழி செய்கின்றன. சுற்றுலாப் பேருந்தின் ஜன்னலில் தெரியாத வாழ்க்கை அங்கே சமையலறையில் தெரியும். பத்தொன்பது வயதில் தன் தட்டைத் தானே கழுவப் பழகுவது, நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு எந்தப் பட்டத்தையும்விடப் பெரிய படிப்பு. அனாதை இல்லங்களைக் காட்டிக் காசு பார்க்கும் கூட்டமும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தக் கொடுமையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் வழக்கு யோக்கியமாக நடக்கும் ஏற்பாடுகளோடுதான்.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரையில் நின்று பார்த்தால் அந்த வழக்கு தெளிவாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் தெற்கே போனால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம். அன்றிலிருந்து உலகத்து இளைஞர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். அங்கே 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் என்ற காடு வளர்ப்பு முயற்சிக்கு வருகிறவர்கள் குடிசையில் தங்கி, விடிந்ததும் மண்வெட்டி எடுத்து, வறண்ட நிலத்தில் மழைநீருக்கு வரப்பு போட்டு மரம் நடுகிறார்கள். ஜெர்மன் அரசின் வெல்ட்வேர்ட்ஸ் என்ற தன்னார்வத் திட்டத்திலும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான், சந்தேகமில்லை.

அதே சாலையில் வடக்கே உப்பளம். அங்கும் விடியும் முன்னே வேலை தொடங்குகிறது. வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் கண் கூசும், பாத்தியில் கால் வைக்க முடியாது. கோடை முழுக்க உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் கரைந்து வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு அரசு தருவது 5,000 ரூபாய் நிவாரணம். இந்த வீட்டில் பிறந்து கல்லூரி ஏறிய பையனிடம்தான், காசில்லாமல் உலகம் சுற்றலாம் வா என்று மேடையில் சொல்கிறார்கள்.

அவன் கிளம்பட்டும். பிரிட்டன் இந்திய இளைஞர்களுக்கென்று 2023இல் ஒரு விசா திறந்தது. ஆண்டுக்கு 3,000 பேருக்கு இடம், குலுக்கலில் பெயர் விழ வேண்டும், பட்டம் வேண்டும், வங்கியில் 2,530 பவுண்டு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2024இல் திறந்த கதவிலும் குலுக்கல்தான். ஆயிரம் பேருக்கு இடம், கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். இரண்டுமே நம் பணத்தில் கிட்டத்தட்ட மூன்று லட்சம். சரி, சுற்றுலா விசாவிலேயே போய்ப் பண்ணையில் வேலை செய்துகொள்ளலாமே என்றால், அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் சோற்றுக்கும் படுக்கைக்கும் செய்வதும் வேலைதான். அது விசா நிபந்தனையை மீறுவது. விமான நிலையத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினால், அடுத்த விசா விண்ணப்பத்தில் அந்தக் கறை ஏறும். ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்ற திட்டம் போக்குவரத்து, தங்குமிடம், கைச்செலவு எல்லாம் கொடுத்துத் தன்னார்வலர்களை எடுக்கிறது. அது ஐரோப்பியருக்கும் அண்டை நாட்டாருக்கும். மரக்காணம் அந்த அண்டையில் சேராது.

விசாவைக்கூட விட்டுவிடலாம். சம்பளமில்லாமல் ஆறு மாதம் வேலை செய்ய யாரால் முடியும்? அவன் சம்பாத்தியத்தை வீட்டில் யாரும் எதிர்பார்த்திராதபோது முடியும். பள்ளி முடித்து ஓராண்டு ஊர் சுற்றிவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பழக்கம் ஜெர்மனியில் சாதாரணம். உப்பளத்து வீட்டில் அந்த ஓராண்டு தங்கையின் கட்டணம், அப்பாவின் மருந்து. சிக்கனப் பயணத்தின் கணக்குப் புத்தகங்கள் விமானச் சீட்டையும் விடுதி வாடகையையும் எழுதுகின்றன. இழந்த கூலியை எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. இருக்கும் செலவுகளிலேயே பெரியது அதுதான்.

ஆக, பரிமாற்றம் என்று சொல்லி நடப்பது ஒரு பக்கப் போக்குவரத்து. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரை விருந்தோம்புகிறது. இந்தக் கரைக்காரன் எங்கே விருந்துக்குப் போனான்? கடல் கடந்து போனவன் வளைகுடாவுக்குக் கடன் வாங்கிப் போனான். அந்தப் பயணத்தை யாரும் அனுபவம் என்று மேடையில் புகழவில்லை.

வந்தவர்கள் ஊருக்கு மரம் நட்டார்களே என்பார்கள். நட்டார்கள். ஆனால் இங்கே காட்டைக் காடாக்கியவர்கள் ஆறு வாரத் தன்னார்வலர்கள் அல்ல. ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் வனம் 1973இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் தங்கினார்கள், தமிழ் கற்றார்கள், மரக்காணம் பக்கம் நடுக்குப்பம் வரை வந்து பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சுற்றுக் கிராமத்தார் கூலிக்கும் கூலிக்கு மேலும் உழைத்தார்கள். வந்துபோகிறவருக்கோ முதல் வாரம் வேலை சொல்லித்தர வேண்டும், கடைசி வாரம் வழியனுப்ப வேண்டும், நடுவில் வயிற்றுப்போக்கு. அந்தச் சொல்லித்தரும் உழைப்பு உள்ளூர்க்காரருடையது. அது அவர் கணக்கில் வரவாகவும் இல்லை, பயணியின் கணக்கில் செலவாகவும் இல்லை. ஆரோவில் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் குவெர்னவாகாவில் சிந்தனையாளர் இவான் இல்லிச், தன்னார்வம் செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள். கடுமையான பேச்சு. அதிலிருந்து ஒரு சொல்லையும் குறைக்க எனக்கு மனமில்லை.

இந்த வழக்கம் பிறந்த இடத்தில் இப்படி இல்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. முதல் உலகப் போர் முடிந்து 1920இல், பிரான்சின் வெர்டன் பக்கத்தில் சிதைந்துகிடந்த ஒரு கிராமத்தைக் கட்ட, சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரசோல் முகாம் போட்டார். போரிட்ட நாட்டவர்களே ஒன்றாக நின்று மண் சுமக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1934இல் பீகார் பூகம்பத்துக்கு அவர் வந்தபோதும் படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. திரும்பத் திரும்ப வந்து கிராமங்களைக் கட்டினார். இன்று பெயர் மட்டும் மிச்சம். நடுவில் ஒரு சந்தை புகுந்து, உறுப்பினர் கட்டணம் வாங்கிக்கொண்டு இருபக்கத்தாரையும் இணைத்துவைக்கிறது.

இளைஞர்கள் போகவே கூடாது என்பதல்ல என் வாதம். மேடையில் ஏறுகிறவர் விசா நிபந்தனையையும் வங்கி இருப்பையும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரிக் கரையிலும் உப்பளச் சாலையிலும் தன்னார்வலர்களை ஏற்கும் நிறுவனங்கள், இத்தனை பேர் வந்தால் இங்கிருந்து ஒருவர் போக வேண்டும், போகிறவர் வீட்டுக்கு அந்த மாதங்களின் கூலி போய்ச் சேர வேண்டும் என்று அனுப்புகிறவர்களிடம் பேரம் பேசட்டும். விசா எங்கள் கையிலா இருக்கிறது என்று கேட்பார்கள். 2008இல் தொடங்கி ஜெர்மன் பிள்ளைகளை இங்கே அனுப்பிக்கொண்டிருந்த அதே வெல்ட்வேர்ட்ஸ், 2013இல் எதிர்த்திசைக்கும் கதவு திறந்தது. இங்கிருந்து போகிறவருக்கு அந்நாட்டுத் தன்னார்வலரைப் போலவே அங்கே தங்குமிடமும் கைச்செலவும் உண்டு. இன்றும் அந்தத் திசையில் போகிறவர்கள் சிறு பங்கினர்தான். ஆனால் கேட்டதால் திறந்த கதவு அது. மரக்காணத்துப் பையனிடம் அதைப் பற்றி எந்த மேடையும் பேசுவதில்லை.