முதுமையும் முதற்பட்டமும்: ஒரு திறனாய்வு

மதுரை கே.கே. நகரைப் போன்ற குடியிருப்பில் பணியேற்கும் இளம் ஆயர், வீடு சந்திக்கப் புறப்பட்ட முதல் நாளிலேயே முதியோரைச் சந்திக்கிறார். பிள்ளைகள் சென்னையிலோ அயல்நாட்டிலோ இருக்க, கதவைத் திறப்பவர் கைத்தடியூன்றி வரும் ஒரு தாயாகவோ தந்தையாகவோ இருப்பார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது நிறைந்தவர்கள். இவர்களைக் குறித்து நம் பி.டி. படிப்பு அவ்விளைஞருக்குக் கற்பித்தது என்ன?

பெரும்பாலும் மேய்ப்புப்பணிப் பாடத்தில் நோயுற்றோர், மரணத்தறுவாயில் இருப்போர், துக்கமடைந்தோர் என்னும் வரிசையிலேயே முதியோருக்கும் இடம் கிடைக்கிறது. இவ்வைப்புமுறை வெறும் வசதிக்காகச் செய்யப்பட்டதன்று. முதியோர் சாவுக்குக் காத்திருப்போர் என்று அது சொல்லாமற் சொல்கிறது. வயதைக் காரணங்காட்டி மனிதரை ஒதுக்கும் மனப்பாங்குக்கு 1969இல் தனிப்பெயர் சூட்டினார் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர். அம்மனப்பாங்கு நம் வகுப்பறைக்கும் அந்நியமன்று.

ஐந்தாம் கட்டளையை நாம் ஓய்வுநாட்பள்ளிச் சிறுவருக்கே வற்புறுத்துகிறோம். ஆனால் அது தளர்ந்த பெற்றோரைத் தாங்கவேண்டிய, வளர்ந்த மக்களுக்கும் உரியது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு அதற்கு இப்பொருளையே தருகிறார். பெற்றோருக்குரியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கிவிட வழிசெய்த சமயத்தலைவர்களை அவர் கண்டிக்கிறார். அயலூர் மகனின் காணிக்கையால் மணிக்கூண்டு எழுப்பி, அவனுடைய தாயை ஆண்டுக்கொருமுறை மட்டும் எட்டிப்பார்க்கும் சேகரம், இப்பகுதியை நெஞ்சு உறுத்தாமல் வாசிக்க இயலுமா?

நாட்டின் சட்டத்தையும் மாணவர் அறியவேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம். பராமரிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கியவர் வாக்குத் தவறினால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யவும் அதில் இடமுண்டு. இதை அறியாத ஆயர், வஞ்சிக்கப்பட்ட தாய்க்குப் பொறுமையை மட்டுமே போதித்துவிட்டு ஜெபித்து எழுந்துவிடுவார். அப்போது அவர் ஆறுதல் கூறுபவராக அன்று, அநீதிக்குத் துணைபோகிறவராகவே ஆகிறார்.

பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. இதனை மேற்பட்டப் படிப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பர் சிலர். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கென எம்.டி. படிப்பு 1996இல் தொடங்கியது உண்மையே. ஆனால் மருத்துவரிடம் வருபவரை வல்லுநரிடம் அனுப்பிவைக்கலாம். சேகரத்து முதியவரை ஆயர் யாரிடம் அனுப்புவார்? ஆயர்களுள் பலருக்கு முதற்பட்டமே கடைசிப் பட்டமுமாகும். ஆகவே தேவையானது புதியதொரு விருப்பப்பாடமன்று. திருமறை, அறவியல், மேய்ப்புப்பணி ஆகிய ஒவ்வொரு துறையிலும் முதுமை கேள்வியாக எழவேண்டும். களப்பணியில் மாணவர் முதியோர்க்குப் பிரசங்கிப்பதை விட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறிக்கவும் பழகவேண்டும்.

2 சாமுவேல் 19இல் வரும் எண்பது வயதுப் பர்சிலா நமக்குப் பாடம். தப்பியோடிய தாவீதை மக்னாயீமில் உணவளித்துப் பராமரித்தவர் அவர். எருசலேமுக்கு வரும்படி அரசர் அழைத்தபோது, தம் ஊரிலேயே இறக்க விரும்பி மறுத்தார். தமக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பினார். தாவீது அவரை வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். கொடுப்பவராகவும் தாமே முடிவுசெய்பவராகவும் முதியவரை மதிக்க அரசரே அங்கே கற்றுக்கொண்டார். நம் மாணவர் அதைக் கல்லூரியிலேயே கற்கட்டும்.